ரொட்டிக்கல் பக்கத்துக் கணினி

புதுக் கணினியை உறுப்பு உறுப்பாய்ப் பூட்டி முடித்த கையோடு ரஜியா அதைத் தூக்கிக்கொண்டு போய் ரொட்டிக்கல் பக்கத்தில் வைக்கிறாள். எண்ணெய் தெறிக்காத தூரம், ஆனால் அனல் தப்பாத தூரம். அங்கே அதற்கென்றே ஒரு மரமேசை கிடக்கிறது. இந்தப் பக்கம் அவள் கணவர் ஹாஜா மைதீன் மாவை வீசி வீசி ரொட்டி சானாய் போடுகிறார். அந்தப் பக்கம் கறுப்புப் பெட்டிக்குள் நீலமும் சிவப்புமாய் விளக்கு ஓட, விசிறிகள் கிர்ரென்று இரைகின்றன. லுக்குட் கடைத்தெருவில் இழுத்து ஆற்றிய தே தாரிக் குடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கூத்தைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

சும்மா வைப்பதோடு விட்டாலும் பரவாயில்லை. கணினியின் மூளையைக் கசக்கிப் பிழிவதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறதாம். யாருக்கும் உதவாத கணக்குகளை ஓயாமல் போட வைக்குமாம். காலையில் அதை ஏவிவிட்டாள் என்றால் சாயங்காலம்வரை நிறுத்தமாட்டாள். திரையில் சூட்டைக் காட்டும் எண் ஏறிக்கொண்டே போகும். தாங்காத கணினி பொட்டென்று அணைந்துவிடும். உடனே அதைப் பிரித்துப் போட்டு, எந்த உறுப்பு காலை வாரியது என்று பார்த்து, மாற்றி, மறுபடியும் ரொட்டிக்கல் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பாள்.

மந்தினிலிருந்து மகளுக்குக் கணினி வாங்க வந்த லோரி டிரைவர் இராஜமாணிக்கம் இதைப் பார்த்துப் பதறிப்போனார். "ஏம்மா, புது சாமான்மா அது! அவிச்சு எடுக்கவா போற?" என்று வயிற்றில் அடித்துக்கொள்ளாத குறை. ரஜியா முக்காட்டின் மடிப்பில் செருகியிருந்த திருப்புளியை உருவி, அதாலேயே அவரை உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினாள். "சாகறதுன்னா என்கிட்டயே சாகட்டும்ணே. ஒங்க வீட்டுக்கு வந்து சாகக்கூடாது லா" என்றாள். அவர் இரண்டு ரொட்டி தின்று முடிக்கிறவரை கணினி சாகவில்லை. நெஞ்சில் கை வைத்தபடியேதான் அதை விலைபேசிவிட்டு வீட்டுக்குப் போனார்.

இந்தக் கிறுக்கு அவளுக்கு நீலாய் தொழிற்சாலையில் பிடித்தது. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே மின்பலகைகளைச் சூட்டு அறைக்குள் போட்டுப் பழுதானவற்றைப் பொறுக்கி எடுக்கும் வேலையில் இருந்தாள். லுக்குட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததும், சாப்பாட்டுக்கடையின் மூலையில் கணினி பூட்ட உட்கார்ந்தாள். வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் செம்பனைத் தோட்டங்களில் தகரக்கூரை போட்ட லயன் வீடுகளில் இருக்கிறவர்கள். மத்தியானத்தில் அந்த வீடுகளுக்குள் மனிதனே அவிந்துபோவான். "ஏர்கோன் கடையில சோதிச்சு வித்தா ஏர்கோன் வீட்டுலதான் ஓடும். நம்ம சனம் எங்க போவும்?" என்பாள்.

சோதனை ஓடும்போது அவள் பார்வையைவிட மூக்குக்குத்தான் வேலை அதிகம். பிரியாணிச் சட்டியின் தம்மைப் பிரித்து முகர்கிறவள்போலப் பெட்டியின் பின்பக்கம் குனிந்து, வெளியே வரும் காற்றை முகர்வாள். "கருகல் வாடை இல்ல. ஓடட்டும்" என்று நிமிர்வாள். 'பரவாயில்லை' என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அன்றைக்கு அவர்களுக்கு நல்ல காலமில்லை. இதனாலேயே, "ரஜியாக்கா பாசாங் பண்ணதா? அப்ப கண்ண மூடிக்கிட்டு எடு" என்று தோட்டத்துப் பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்கள். பாசாங் என்றால் இங்கே பூட்டுவது.

உச்சி வெயில் நேரம் மட்டும் அவள் மாடிக்குப் போய்விடுவாள். லுஹர் தொழுது, சாப்பிட்டு, கொஞ்சம் சாய்ந்துவிட்டு, அஸர் தொழுத பிறகு இறங்கி வருவாள். "பாத்துக்கங்க மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போவாள். "நீ போ புள்ள, நான் பாத்துக்கறேன்" என்பார் அவர். இறங்கி வந்ததும் திரையில் அதிகபட்சச் சூட்டைப் பார்ப்பாள். இந்த வெயிலிலும் எண் எவ்வளவு அடக்கமாய் நிற்கிறது என்று அவளுக்குப் பெருமை பிடிபடாது.

போன மாதம் ஒரு மத்தியானம் மோகனா போன் போட்டாள். தோட்டத்துப் பெண். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் படமாக்கிக் கொடுக்கிறாள். ரஜியா பூட்டிக் கொடுத்த கணினிதான் அவள் பிழைப்பு. "அக்கா, சிரம்பான் கல்யாணப் படம் பாதியில நிக்குது. மத்தியானம் ஆனா மெஷின் தானா செத்துப் போவுது! சனிக்கிழம ரிசப்ஷன்ல போட்டாகணும். பொண்ணு வீட்டுல வேற ஆளப் பாக்கறேன்னு கத்தறாங்க. தூக்கிக்கிட்டு வந்துட்டேன், கீழதான் நிக்கறேன்."

ரஜியா நம்பவில்லை. அவள் பூட்டியது சாகிறதா! செருப்பைக்கூடப் போடாமல் பின்படி வழியாக இறங்கி வந்தவள் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள்.

சாப்பிட வந்தவர்கள் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் காற்று வீச வேண்டிய உயரமான காற்றாடி முதுகைக் காட்டி நிற்கிறது. அதன் முகம் மரமேசைப் பக்கம். அன்றைக்குச் சோதனையில் இருந்த கணினிக்கு முழு வேகத்தில் காற்று வீசிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஹாஜா மைதீன், மாவுக் கையின் புறங்கையால் பெட்டியைத் தட்டிக்கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்கடா ராஜா, சூடு இப்ப எறங்கிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

திரும்பியவர் முகத்தில் ஈயாடவில்லை. "அது கத்துது புள்ள" என்றார்.

"இன்னைக்கு மட்டுமா?"

அவர் கல்லில் கிடந்த ரொட்டியைப் புரட்டினார்.

"ஒங்களத்தான் மச்சான் கேக்கறேன். இன்னைக்கு மட்டுமா?"

"நீ மேல போனதும் திருப்பி வைப்பேன். நீ எறங்கற நேரத்துக்குப் பழையபடி வச்சிடுவேன். வாயில்லாத சாமான் புள்ள. அது அந்தக் கத்து கத்துனா எனக்கு ரொட்டி வீசக் கை வரமாட்டேங்குது."

"எல்லா மெஷினுக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்" என்றார் அந்த மகராசன். பொய் சொல்லவும் தெரியவில்லை.

"அஸ்தஃபிருல்லாஹ்!" என்று ரஜியா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மந்தின், லுக்குட், சுற்றிலும் உள்ள தோட்டங்கள் என்று எத்தனை வீடுகளுக்கு அவள் பூட்டியவை போயிருக்கின்றன! ஒன்றுகூட உச்சிவெயிலைப் பார்த்ததில்லை. அவள் பெருமைப்பட்ட எண்ணெல்லாம் காற்றாடி போட்ட எண். "நான் என்ன சொல்லி வித்தேன் மச்சான் இத்தன வருசமா? என்ன சொல்லி வித்தேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் பார்த்தார்கள். வாசலில் கணினியைக் கட்டிப்பிடித்தபடி நின்ற மோகனா, "அப்ப என்னோடதும் அப்படித்தானாக்கா?" என்று மெதுவாய்க் கேட்டாள். "ஒன்னோடதும் அப்படித்தான்" என்றாள் ரஜியா.

ஹாஜா மைதீனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கடைவாசலில் குட்டி போட்ட பூனை போகிறவரை அந்த வாசலையே திறக்காமல் பக்கக் கதவில் வியாபாரம் பார்த்தவர். அந்த மனுஷனிடம் ஒரு பொருளை வதைக்கக் கொடுத்துவிட்டு மேலே போய்ப் படுத்தது யார் தப்பு? ரஜியாவுக்கும் அது உறைத்திருக்க வேண்டும். அன்று அவரை அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு உள்ளதைச் சொன்னாள். இராஜமாணிக்கம் முதலில் திகைத்து, "பாய் காத்தாடி போட்டுவிட்டாரா?" என்று கேட்டார். பிறகு அவர் சிரித்த சிரிப்பு கடைக்கே கேட்டது. ரஜியா சிரிக்கவில்லை. "கொண்டாங்கண்ணே, மறுபடி பாத்துத் தர்றேன்" என்று வைத்துவிட்டாள். அடுத்த நாள் மோகனாவின் கணினிக்குப் பெரிய குளிர்விப்பானை மாற்றினாள். பெட்டியின் முன்பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றி, காற்று புக வலை போட்டாள். சோதனை இனிக் கடையில் இல்லை, மோகனா வீட்டில், அதே அறையில், அதே வெயிலில் என்று சொல்லிவிட்டாள். "அங்கயும் நின்னுச்சுன்னா நான் இனிமே பாசாங் பண்ணமாட்டேன். திருப்புளியத் தூக்கிப் போட்டுடுவேன்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிற முகமா அது! ஹாஜா மைதீன் மத்தியான வியாபாரத்தைப் போட்டுவிட்டுக் கல்லடுப்பை அணைத்து, கடையைச் சாத்திவிட்டுக் கூடவே கிளம்பினார். அந்த நேரத்தில் கடைக்கதவு சாத்திக் கிடந்ததைப் பார்த்து, யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்றே தெருவில் நினைத்துவிட்டார்கள்.

மோகனாவின் அறையில் கூரைத் தகரம் வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. சன்னலைச் சாத்தச் சொன்னாள் ரஜியா. மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். சோதனையை ஏவிவிட்டு மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தார்கள். கணினி தாங்கினால் மோகனா இன்றைக்கே படத்தை முடித்துக் கொடுத்துவிடுவாள். தாங்காவிட்டால் சிரம்பான்காரர்கள் வேறு ஆளிடம் போய்விடுவார்கள், கேள்விப்பட்ட மற்றவர்களும் போய்விடுவார்கள். மோகனா ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தாள்.

எண் எழுபதைத் தாண்டியது. முகத்தைத் துடைப்பதற்குள் எண்பதைத் தாண்டியது. பெட்டிக்குள் எல்லா விசிறிகளும் சேர்ந்து ஓங்கிக் கத்தின. மோகனாவின் கணினி முன்பெல்லாம் செத்தது இந்த இடத்தில்தான். ஹாஜா மைதீன் நெளிந்தார். பிறகு, தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே, தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கணினிக்கு விசிற ஆரம்பித்தார்.

"பாய்!" என்று மோகனா அலறியேவிட்டாள்.

ரஜியா திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் எட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறத்தியார் முன்னால் புருஷன் தோள்கூடப் படாமல் தள்ளி உட்காருகிறவள் அவள். அந்தக் கையைத் தொப்பியோடு இழுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். எண் எண்பத்தாறுக்கு வந்தது. அங்கேயே நின்றது. வெயில் தாழ்ந்து, தகரம் ஓய்ந்து, "போதும்க்கா, தாங்கிடுச்சு லா" என்று மோகனா அழுதுகொண்டே சொன்ன பிறகும் ரஜியா அந்தக் கையை விடவில்லை.