இறக்கு அண்ணனும் இறங்காத இன்ஜினும்

வண்டியை நிறுத்தியதும் அதன் வயிற்றுக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைப்பது ஜீப்பக்காவின் பழக்கம். போன மாதம் வரை காலையில் அந்த அட்டையில் பொட்டு வைத்த மாதிரி ஒரு சொட்டு ஆயில் இருக்கும். இந்த மாதம் தட்டு அகலத்துக்குக் குளமே கட்டிவிட்டது.

நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் அது. என்ன நிறம் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆனால் பஸ் எட்டிப் பார்க்காத சரளைக்கல் மேட்டில், பள்ளிக்கூட டீச்சர்களையும் ஒரு நர்ஸம்மாவையும் ஏற்றிக்கொண்டு முக்கி முனகியாவது ஏறிவிடும். இதை வாங்கும் முன்னால் ஜீப்பக்கா அட்டைப்பெட்டி கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி லேபிள் ஒட்டியவள். சாயந்திரம் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாது. ஏலத்தில் இந்த ஜீப்பை எடுத்து முதல் தடவை டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. உட்கார்ந்துகொண்டே சம்பாதிக்கலாம்! அன்றிலிருந்து சாவியைத் திருகும் முன் ஸ்டியரிங்கைத் தட்டி, "நல்லாயிருடா ராசா" என்பாள். ஒருநாள் கூட மறந்ததில்லை.

அந்த ராசாவைத்தான் இன்று பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போகப் போகிறார்.

தீர்ப்பு சொன்னது பட்டறைக்காரர். ஊரே அவரை இறக்கு அண்ணன் என்றுதான் கூப்பிடும். எந்த வண்டி வந்தாலும், என்ன கோளாறானாலும், "இன்ஜினை இறக்கிடலாம்" என்று ஆரம்பிப்பவர்.

"ஆயிலை அடைச்சு நிக்கிற பின் சீல் போச்சு தங்கச்சி. இன்ஜினை இறக்கணும்."

"ஹாரன் அடிக்கலைன்னு வந்தப்பவும் இதையேதான்ணே சொன்னீங்க."

"அது வாய்ப்பழக்கத்துல சொன்னது. இது நெசமா சொல்றேன்."

அவர் சிரிக்கவில்லை. அதனால்தான் அவள் நம்பினாள். இந்த மாடலுக்கு அந்த சீல் இப்போது வருவதில்லை. போல்ட்டெல்லாம் துருவேறி ஒட்டிக்கிடக்கிறது. இறக்கினால் திரும்ப ஏறுமா என்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றார். வேறு வழி தெரியாமல் இரும்புக்காரருக்குச் சொல்லி அனுப்பினாள். அட்டைப்பெட்டி கம்பெனி சூப்பர்வைசரும், "உன் இடம் காலியாத்தான் இருக்கு, வா" என்று போனில் ஆசையாகக் கூப்பிட்டார்.

இன்று காலை டீச்சர்களை மேலே கொண்டு விட்டு, "சாயந்திரம் பால் லாரியில வந்துடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினாள். அங்கிருந்து நேராகப் பட்டறைக்கு வந்து நின்றாள்.

"அண்ணே, கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நல்லா கழுவிப் பார்த்துடலாம்ணே."

"பொணத்தைக் குளிப்பாட்டுற மாதிரியா?"

"வாயைக் கழுவுங்க முதல்ல!"

அவர் வாயைக் கழுவவில்லை. ஆனால் முனகிக்கொண்டே டீசலையும் பிரஷையும் எடுத்து வந்தார். இரண்டு பேருமாகச் சேர்ந்து வருஷக்கணக்கான அழுக்கைச் சுரண்டினார்கள். தண்ணீர் பீய்ச்சி, காற்று அடித்து ஈரத்தை உலர்த்தினார்கள். பிறகு ஜீப்பக்கா பையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்து இன்ஜின் மேல், பக்கம், அடி என்று ஒரு இடம் விடாமல் கொட்டினாள். எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கான்" என்றார் இறக்கு அண்ணன்.

வண்டியை ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு அவள் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். பின் சீலில் ஈரம். மேல் மூடியைச் சுற்றி ஈரம். பக்கத்து மூடியில் ஈரம். முன்பக்கம் பெல்ட் சுற்றும் கப்பியின் அருகிலும் ஈரம்.

"பார்த்தியா? ஒண்ணுன்னு நெனச்சேன், மொத்தமும் போச்சு. விட்டுடு தங்கச்சி."

அவள் வண்டியின் அடியிலேயே படுத்திருந்தாள். எழுந்திருக்க மனசு வரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். போன மாசம் வரைக்கும் ஒரு சொட்டு. இப்ப எல்லா மூடியும் ஒரே நேரத்துல கெட்டுப்போகுமா?"

"வயசாச்சுல்ல."

"வீட்டுல எல்லாருக்கும் ஒரே நாள்ல வயித்தால போனா, எல்லார் வயிறும் வயசாகிடுச்சுன்னா சொல்லுவீங்க? என்னத்தைத் தின்னாங்கன்னுதானே கேப்பீங்க?"

வாய்க்குப் போன இறக்கு அண்ணனின் பீடி பாதி வழியில் நின்றது. எழுந்து போய், ஓடுகிற இன்ஜினின் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகினார். கடைசித் திருகில் மூடி அவர் கையிலிருந்து துள்ளியது. புஸ்ஸென்று புகை.

"அடேய்! இவனுக்கு மூச்சு முட்டுது தங்கச்சி! உள்ள சேர்ற காத்துக்கு வெளிய போக வழியில்ல. அதான் கெடச்ச சந்துல எல்லாம் ஆயிலைப் பிதுக்குறான்!"

காற்று வெளியேற இன்ஜினின் தலையிலிருந்து ஒரு குழாய் போகும். அதைத் தடவிக்கொண்டே போனார். வண்டிக்குள் கால் வைக்கிற இடத்துக்கு முன்னால் இருக்கும் தகரத்தின் பின்பக்கம் அது முடிகிறது. அதன் வாயில் ஒரு தக்கை. அளவெடுத்துச் செய்த மாதிரி கச்சிதமாக இறங்கியிருந்தது. இடுக்கியால் பிடுங்கி மூக்கருகே கொண்டுபோனவர் முழித்தார்.

"என்னடா இது, கேக் வாசனை வருது?"

ஜீப்பக்கா அதை வாங்கி முகர்ந்தாள். வெனிலா. அவள் வீட்டுக்காரர் பேக்கரி மாஸ்டர். உடனே போன் போட்டாள்.

"ஏங்க, வண்டிக் குழாயில எதையாவது அடைச்சீங்களா?"

அடுப்பு உறுமுகிற சத்தத்துக்கு மேல் அவர் குரல் வந்தது.

"நீதானம்மா ஆயில் புகை உள்ள வந்து தலை வலிக்குதுன்னு அன்னைக்குப் படுத்துக்கிட்டே. எங்கேர்ந்து வருதுன்னு பார்த்தேன். எசென்ஸ் பாட்டில் தக்கை சரியா பொருந்துச்சு. சொன்னா வேணாம்பே... அதான் சொல்லலை."

"அந்தத் தக்கைதாங்க வண்டியைக் கொன்னுக்கிட்டிருந்துச்சு!"

"ஐயையோ! நானா?"

திட்டத்தான் வாயைத் திறந்தாள். வரவில்லை. தலைவலியை ஒருதரம்தான் சொல்லியிருந்தாள். அந்த மனுஷன் விடியுமுன் எழுந்து மாவு பிசைகிறவர். தூக்கத்தை விட்டுவிட்டு டார்ச்சோடு வண்டிக்குள் தலையை விட்டுத் துழாவியிருக்கிறார். கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன.

"நல்லாயிருங்க நீங்க. வைக்கிறேன்."

இறக்கு அண்ணன் டயர் மேல் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு அந்தக் குழாயோடு நீளமாக இன்னொரு ரப்பர் குழாயைச் சேர்த்து, புகை வண்டிக்குள் வராதபடி அடியில் கொண்டுபோய்க் கட்டினார். மறுபடி கழுவல், மறுபடி பவுடர். மேட்டில் ஒரு சுற்று ஓட்டி வந்து பார்த்தார்கள். மேலே, பக்கத்தில், முன்னால் எங்கும் பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. பின் சீலில் மட்டும் லேசாக ஒரு ஈரம்.

"இந்த வயசுல இவ்வளவு வேர்க்கும்" என்றார். கொஞ்சம் தயங்கி, "என்னை நம்பி இரும்புக்குப் போட்டிருந்தீன்னா என்ன ஆயிருக்கும் தங்கச்சி?" என்றார்.

"கழுவலாம்னதும் நீங்கதானேண்ணே கூட நின்னு கழுவுனீங்க. வேற யார் நின்னிருப்பா?" என்று கும்பிட்டாள். அவர் கூச்சப்பட்டு, துடைத்த ஸ்பானரையே திரும்பத் துடைத்தார்.

வீட்டுத் தெருவுக்குள் நுழைந்தபோது இரும்புக்காரரின் லாரி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மாஸ்டர் மாவுக் கையோடு ஓடி வந்து, அந்த மனிதருக்கு டீயும் பன்னும் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். பவுடர் பறக்க வந்து நின்ற ஜீப்பை இரும்புக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

"இதைத்தானே கொடுக்கறேன்னீங்க?"

"கொடுக்கலைண்ணே. கோவிச்சுக்காதீங்க. இன்னொரு பன் சாப்பிடுங்க. ஆனா லாரியைக் கொஞ்சம் ஒதுக்கிட்டுச் சாப்பிடுங்க. டீச்சருங்க பால் லாரியில ஏறறதுக்குள்ள நான் மேல போயாகணும்."