காலண்டர்படி மாமாவுக்கு டேட் இல்லை

என் மகன் சென்னையில் படங்களுக்கு எடிட்டிங் செய்கிறான். மாதச் சம்பளம் கிடையாது. கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் வீடு. ஆறு மாதமாக அவன் என்னோடு போனில் பேசும் நேரம் நீண்டுகொண்டே போகிறது. வேலை இருக்கிற பிள்ளை அம்மாவிடம் முக்கால் மணி நேரம் பேசாது. போன வாரம் கேட்டேவிட்டேன். "நெறைய இருக்கும்மா, மூணு படம் ஓடுது, மூச்சு விட நேரமில்ல" என்றான். பின்னால் குக்கர் விசில் அடித்தது. பகல் பதினொரு மணி.

நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை. தாலுகா அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவளுக்கு விசாரணை நடத்தத் தெரியாமல் இல்லை. ஆனால் இதே மாதிரிப் பதிவு ஒன்றை ஒன்பது வயதில் நானே என் கையால் எழுதியிருக்கிறேன்.

என் மாமா, அம்மாவின் தம்பி, நாடகத்தில் பபூன். எங்கள் பக்கத்து நாடகங்களுக்குக் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், ஆர்மோனியம், பபூன் என்று ஒவ்வொருவரையும் ஊர்க்காரர்கள் தனித்தனியாகத் தேடி வந்து, வெற்றிலை பாக்கு வைத்து, நாள் குறித்துப் போவார்கள். அந்த நாளுக்குப் பெயர் டேட். எத்தனை டேட் என்பதுதான் ஒரு நடிகரின் அந்தஸ்து. மேடையில் ஊரையே சிரிக்க வைத்த மாமா வீட்டில் சிரித்து அந்த வயதில் நான் பார்த்ததில்லை. பணி நேரத்துக்கு வெளியே பணி செய்வதில்லை என்ற கொள்கை போலும்.

இரண்டு வருடம் மழை பொய்த்தது. மிளகாயும் பருத்தியும் காய்ந்துபோன ஊர்களில் சாமிக்குப் பொங்கல் வைப்பதை நிறுத்தவில்லை, நாடகத்தை நிறுத்தினார்கள். பதிலுக்கு வெள்ளைத் திரை கட்டி மெஷினில் சினிமா போட்டார்கள். மெஷினுக்கு வெற்றிலை பாக்கு வைக்க வேண்டியதில்லை.

அந்தத் தை மாதக் கடைசியில் மாமா பெரிய கட்டங்கள் போட்ட மாதக் காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து வாசலுக்கு நேராக மாட்டினார். என் கையில் சிவப்புப் பென்சிலைக் கொடுத்தார்.

"ஒனக்குத்தான் எழுத்து முத்து முத்தா இருக்கு. சொல்லச் சொல்ல எழுது."

திருச்சுழி, நரிக்குடி, வீரசோழன் என்று அவர் சொல்ல, நான் கட்டத்துக்கு ஒன்றாக எழுதி வட்டம் போட்டேன். அருப்புக்கோட்டையில் கிளம்பும் பஸ் எந்த வரிசையில் நிற்குமோ அதே வரிசையில் ஊர்கள் வந்தன. கடைசி ஊர் வந்ததும் பஸ் திரும்புவது போல டேட்டும் திரும்பியது. அந்த ஒழுங்கு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பணிக்காலம் முழுவதும் நான் ஒரு பொய்ப் பதிவு செய்ததில்லை என்று ஓய்வு பெற்ற அன்று பாராட்டிப் பேசினார்கள். அதற்கு முன்பே செய்து முடித்துவிட்டேன் என்று நான் குறுக்கிடவில்லை.

டேட் இல்லாத நடிகரை யாரும் கூப்பிட மாட்டார்கள். 'மார்க்கெட் போச்சு' என்று ஒரு ஊரில் சொன்னால் ஒன்பது ஊர் கேட்டுக்கொள்ளும். ஆகவே வட்டம் போட்ட நாட்களில் மாமா சாயங்காலம் வேஷப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார். காலையில், காதுக்குப் பின்னால் கொஞ்சம் ரோஸ் பவுடரோடு வந்து இறங்குவார். தெருவில் யாராவது கேட்டால் கொட்டாவியோடு ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிடுவார். திருச்சுழியில் ஒரு நண்பரின் சைக்கிள் கடையில் இரவைக் கழித்துவிட்டு, கிளம்பும்போது பவுடரைத் தடவிக்கொண்டு வந்தார் என்பது என் கல்யாணத்துக்குப் பிறகு அத்தை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடம் இல்லாத நேரமெல்லாம் நான் அடுத்த வீடான மாமா வீட்டில்தான் இருப்பேன். எனக்கு இரண்டு விதிகள் சொல்லப்பட்டிருந்தன. "யாரு வந்து கேட்டாலும் காலண்டரப் பாத்துச் சொல்லு. தூங்குறவன எழுப்பாத." விதிவிலக்குகள் என்று ஒரு பத்தி சேர்க்க மாமா மறந்துவிட்டார்.

பங்குனி பிறந்த வாரம் அடுப்படியில் அத்தையின் குரல் கேட்டது. "எங்கண்ணன் மில்லுல சொல்லி வச்சு ரெண்டு மாசமாச்சு. அவுகளுக்கு என்ன பதில் சொல்ல?"

"பங்குனி முடியட்டும். ஒரு டேட்டு, ஒரே ஒரு டேட்டு வந்துட்டா நீ மில்லுப் பேச்ச எடுக்கக் கூடாது. வரலேன்னா நானே போறேன்."

நான் காலண்டரைப் பார்த்தேன். பங்குனியில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது. அதை நிரப்பத்தான் இத்தனை கவலை என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் இரண்டு பேர் வாசலில் வந்து நின்றார்கள். ஒருவர் தோளில் துண்டு போட்ட பெரியவர். இன்னொருவன் வாலிபன். அத்தை தண்ணீருக்குப் போயிருந்தாள்.

"பபூன் வீடு இதானா பாப்பா? நாங்க பரளச்சிலேருந்து வாரோம். அவுக இருக்காகளா?" என்றார் பெரியவர்.

"தூங்குறாக. நேத்து நரிக்குடில நாடகம்."

"நரிக்குடிலயா?" என்றான் வாலிபன். "எங்கக்கா அங்கதான் இருக்கு. நாடகம்னு சொல்லவே இல்லையே."

"ஏலே, ஒங்கக்கா எல்லாத்தையும் ஒங்கிட்டச் சொல்லிட்டா இருக்கா? சும்மா இரு" என்று பெரியவர் அவனை அடக்கினார்.

போன வருடம் பரளச்சியிலும் மெஷின் வைத்தார்களாம். கதாநாயகி அழத் தொடங்கிய இடத்தில் படம் அறுந்து, பிறகு ஒட்டவே இல்லை. இந்த வருடம் நாடகம்தான் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. "கடைசிச் செவ்வாக்கிழம. பபூன் இவுகதான் வேணும்னு பொம்பளையாளுக ஒத்தக் கால்ல நிக்காக" என்றார். கையில் இருந்த மஞ்சள் பையிலிருந்து வெற்றிலைக் காம்புகள் எட்டிப் பார்த்தன.

நான் ஸ்டூலில் ஏறி அந்தக் கட்டத்தில் விரலை வைத்தேன். "அன்னைக்கு வீரசோழன்."

"கொஞ்சம் எழுப்பிவிடு தாயி. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிர்றோம்."

"எழுப்பக் கூடாது. எழுதியாச்சுன்னா எழுதியாச்சு."

வாலிபன் பெரியவரைப் பார்த்துச் சிரித்தான். "கலெக்டர் ஆபீஸ்ல கூட இம்புட்டுக் கறார் இல்ல மாமா."

பெரியவர் காலண்டரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "யோகக்காரரு. மழயில்லாத இந்தக் காய்ச்சல்லயும் ஒரு நாளு ஓய்வில்ல. சரி தாயி, எந்திரிச்சதும் வந்துட்டுப் போனோம்னு சொல்லு. நாங்க கமுதி பபூனப் பாத்துக்கிறோம்."

சிறிது நேரத்தில் அத்தை குடத்தோடு வந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்தாள்.

"மாமா என்ன சொன்னாக?"

"அவுக தூங்குறாக அத்த."

"தூங்குறாகளா?"

"நல்லா."

குடத்தை அப்படியே வைத்துவிட்டுத் தெருமுனை வரை ஓடினாள். தண்ணீர் பிடித்த இடத்தில் எதையோ மறந்து வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பரளச்சிக்காரர்கள் ஏறிய பஸ் போயிருந்தது. திரும்பி வந்து குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டவில்லை.

சித்திரை பிறந்ததும் மாமா மில்லுக்குப் போனார். கேட்டவர்களிடமெல்லாம், "டேட்டு ரொம்பக் கூடிப் போச்சு, ஒடம்பு தாங்கல, அதான் கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார். ஓய்வு பெறும்வரை நிறுத்தி வைத்திருந்தார். எனக்கு அரசு வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் போனபோது, "ஒன்ன வேலைக்கு எடுத்தவன் ஆளு தெரிஞ்சுதான் எடுத்திருக்கான்" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அத்தையிடம் நான் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று உண்டு. பரளச்சிக்காரர்கள் போனதும், அவள் வருவதற்கு முன், நான் உள்ளே போய் மாமாவைப் பார்த்தேன். வாசலுக்கும் அந்த அறைக்கும் எத்தனை அடி, வாசலில் பேசுவது அங்கே கேட்குமா என்று இன்றைக்கு என்னால் புலத்தணிக்கை செய்து அறிக்கை தர முடியும். அன்று அது தோன்றவில்லை. மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். காதுக்குப் பின்னால் ரோஸ் பவுடர் இருந்தது. கையில் பனையோலை விசிறி ஆடிக்கொண்டிருந்தது. நான் நிலைப்படியைத் தாண்டியதும் நின்றது. விசிறி முகத்தில் விழுந்து தூக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று, அதை மெல்ல அவர் கையிலிருந்து எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். தூங்கும்போது மாமாவுக்குக் கையில் இவ்வளவு பலம் வந்துவிடுகிறதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு, விதிப்படி எழுப்பாமல், ஓசைப்படாமல் வெளியே வந்தேன்.