மாடே இல்லாத மேய்ச்சல் காடு

கோயமுத்தூருக்கு மேற்கே எங்கள் ஊர் மாடுகளுக்கென்று ஒரு மேய்ச்சல் காடு இருந்தது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள். முனிசிபாலிட்டிக்காரர்கள் டவுன் பிளான் போட்டபோது அதற்குப் பச்சை தீட்டி, இங்கே கட்டடம் கூடாது என்று எழுதியிருந்தார்கள். ஒரு மில்லுக்காரருக்கு அந்தப் பச்சை கண்ணை உறுத்தியது. அங்கே மாடே மேய்வதில்லை, வீடுகள் கட்டிக்கொள்கிறேன் என்று மனுப் போட்டார். நேரில் பார்த்து எழுத ஓர் ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது.

நான் அப்போது இளம் மருமகள். பசுவும் எருமையுமாகப் பதினொன்று என் பொறுப்பு. அந்தப் புல்லை விட்டால் அவற்றுக்கு வேறு கதியில்லை. ஊர்ப் பெரியவரான என் மாமனார் அன்று செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. கடிக்கப் பல்தான் இல்லை.

"கண்ணு, மாட்டையெல்லாம் ஆத்தங்கரைக்கு ஓட்டிப்போடு. பெரிய மனுசரு வார எடம் சாணியுங் கோமியமுமாவா கெடக்கறது?"

"ஏனுங்க மாமா, அவரு மாட்டைப் பாக்கத்தானுங்க வாராரு!"

"விருந்தாளிக்கு மருவாதி வேண்டாமா? உனக்கென்ன தெரியும், போ!"

ஊரே திரண்டு காட்டைக் கூட்டித் தண்ணீர் தெளித்தது. ஆபீசர் அங்கே கொண்டுவந்து போட்ட கட்டிலில் உட்கார்ந்து இளநீர் குடித்தார். மாடும் இல்லை, மேய்ந்த அடையாளமும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அவர் வண்டி மறையும்வரை மாமனார் கும்பிட்டுக்கொண்டே நின்றார்.

ஆபீசர் எழுதியதை மறுநாள் மணியகாரர் வந்து சொன்னார். நான் யாரையும் கேட்கவில்லை. பதினொன்றையும் டவுனுக்கு ஓட்டிப்போய் ஆபீசர் பங்களாவுக்குள் விட்டேன். செவ்வந்திப் பாத்தி ஒரே வாயில் போயிற்று.

"யாரம்மா நீ? யார் மாடு இது?" என்று கத்திக்கொண்டு வந்தார்.

"இல்லவே இல்லீன்னு எழுதினீங்களே, அந்த மாடுங்க. பசிக்குதாமுங்க."

தெருமாடுகளை அடைக்கும் பவுண்டில் அத்தனையையும் தள்ளச் சொன்னார். அங்கிருந்த குமாஸ்தா மாடுகளை எண்ணி, எங்கே மேய்கிறவை என்று கேட்டார். எங்கள் காட்டைச் சொன்னேன். அப்படியே எழுதி, முத்திரை குத்திச் சீட்டுக் கொடுத்தார்.

எழுதத் தெரிந்த ஒருவரிடம் ஆட்சேப மனு எழுதச் சொல்லி, அந்தச் சீட்டையும் வைத்து, கைநாட்டுப் போட்டு முனிசிபாலிட்டி சேர்மனிடமே நீட்டினேன். ஆபீசரின் காகிதத்தையும் பவுண்டுச் சீட்டையும் அவர் மாறிமாறிப் பார்த்தார். கடைசியில், பச்சை அப்படியே இருக்கட்டும் என்றார்.

"மாடு இருக்குன்னு அந்த ஆபீசர் வந்தன்னிக்கே சொல்லியிருக்கலாமே, அம்மணி?"

"என்னை எவனுங்க கேட்டான்?" என்றேன்.