மஞ்சள் வளையம் போட்ட மடக்குக் கம்பு

எனக்கு ஐம்பத்தாறு வயது. என் இடது முட்டிக்கு எழுபது இருக்கும். துறைமுகத்துக்கு எதிரே ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத ஒரு க்ளியரிங் ஏஜென்சியில், முப்பது வருடமாகச் சரக்குக் காகிதங்களோடு ஏறி இறங்குகிறேன். காகிதங்கள் நன்றாக இருக்கின்றன.

முட்டியைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், "நடங்க சார், உட்கார்ந்துடாதீங்க. ஆனா வெளியூர் போனா, படி, மேடு பள்ளம் இருக்கிற இடத்துல கையில ஒரு ஸ்டிக் வச்சுக்குங்க" என்றார். அவர் அதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் அந்த அறையோடு போயிருக்கும். பக்கத்து நாற்காலியில் என் மனைவி இருந்தாள்.

எங்களுக்குக் கொடைக்கானலுக்கு டிக்கெட் போட்டிருந்தது. கல்யாணமான புதிதில் ஒருமுறை போட்டு, ஆபீசில் கப்பல் வருகிறது என்று நான் கேன்சல் செய்த அதே கொடைக்கானல். இருபத்தெட்டு வருடம் கழித்து அவளே முன்பதிவு செய்து, ராயபுரத்து வெயிலில் தேடி அலைந்து இரண்டு ஸ்வெட்டரும் வாங்கி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிப் படியில் என்னைக் கைப்பிடித்து இறக்கும்போது சொன்னாள்:

"கம்பு இல்லாம வர்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிடலாம். உங்களுக்குப் பழக்கந்தானே."

கம்பு என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தெருவைப் பார்த்தால் அப்படி நினைக்க மாட்டீர்கள். இங்கே ஐம்பதைத் தாண்டிய ஒவ்வொரு ஆணும் எதையாவது தூக்கியிருக்கிறான். வலை, நங்கூரம், ஐஸ் பெட்டி, சர்ச் திருவிழாவில் தேர். என் மனைவி வீட்டார் இரண்டு தலைமுறையாகத் துறைமுகத்தில் பாரம் தூக்குபவர்கள். பெண் பார்க்கப் போன அன்றே அவர்கள் எனக்கு வைத்த பெயர் காகித மாப்பிள்ளை. எதையும் தூக்காத ஒருவனின் முட்டி எதனால் தேய்ந்தது என்று அவர்களில் யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அதனால் நான் தேடியது நடக்க உதவும் கம்பை அல்ல. இல்லாதது போலவே இருக்கக்கூடிய கம்பை.

ஒரு சாமானை வாங்குமுன் அதைப் பற்றி இருபது கட்டுரை படிக்கிற ஆள் நான். மூன்று வாரம் படித்தேன். மரக் கம்பு அழகு. ஆனால் ரயிலில் அதை எங்கே வைத்தாலும் யாராவது தடுக்கி விழுவார்கள், பிறகு அவர்களுக்கும் ஒன்று வாங்க வேண்டும். நான்கு கால் கம்பு உறுதி. ஆனால் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு பந்திக்குப் போகிறவன் மாதிரி இருக்கும். அலுமினியத்தில் நான்கு துண்டாக மடியும் கம்புதான் எனக்கென்று செய்தது. துண்டுகளுக்குள்ளே ஒரு எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. உதறினால் தானே கோர்த்துக்கொண்டு நிற்கும், இழுத்து மடக்கினால் ஒரு முழத்துக்குள் அடங்கும். என் ஆபீஸ் பையை அளந்தேன். டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவே சரியாக இடம் இருந்தது.

பாரிமுனைக்குப் பக்கத்தில் சர்ஜிக்கல் சாமான் விற்கும் கடையில், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடி இருந்த கடைக்காரர் கேட்டார்: "யாருக்கு சார்?"

"அப்பாவுக்கு."

"என்ன உயரம் இருப்பார்?"

"என் உயரம்தான்."

"எடை?"

"என் எடைதான்."

"எந்தக் கால்ல வலி?"

"இடது."

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "சரி, அப்பாவுக்குப் பதிலா நீங்களே ஒரு தடவை நடந்து காட்டுங்க சார்."

நடந்தேன். கம்பை வலிக்கிற காலின் பக்கமே பிடித்திருந்தேன். "இடது கால் வலின்னா வலது கையில பிடிக்கணும்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்றார். என்னைச் செருப்போடு நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டு எலும்பு வரும் உயரத்தில் பிடி இருக்கும்படி அடித்துண்டின் பட்டனை அமுக்கித் துளை மாற்றினார். அடிமுனையில் மாட்டியிருந்த ரப்பர் புஷ்ஷை நகத்தால் கீறிப் பார்த்து, "தேய்ஞ்சா உடனே மாத்தணும், வழவழன்னு ஆச்சுன்னா ஈரத்துல வழுக்கும்" என்றார். இருபது கட்டுரையில் படித்ததை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். கறுப்பு நிறம் எடுத்தேன். அப்பா இறந்து பதினெட்டு வருடம் ஆகிறது. உயிரோடு இருந்திருந்தால், தன் பெயரில் நான் சொன்ன பொய்களில் இது சின்னது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

வீட்டில் மனைவி அதை அடுப்படித் தராசில் வைத்தாள். ஒரு வேளைக் குழம்புக்கு வாங்கும் நெத்திலியின் எடைகூட இல்லை. "இது தாங்குமா?" என்றாள். "விமானம் இதே உலோகத்துலதான் பண்றாங்க" என்றேன். நான்கு நாள், காலையில் மொட்டை மாடியில் ஆளில்லாத நேரம் பார்த்து நடந்து பழகினேன். மடக்கி, குடையின் உறைக்குள் போட்டுப் பைக்குள் வைத்தேன். எழும்பூரில் ரயில் கிளம்பிய பிறகுதான் வெளியே எடுப்பது என்பது என் திட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் மச்சினன் வந்தான். மனைவிக்குத் தம்பி, ஐம்பது வயது, துறைமுகத்தில் ரிக்கிங் ஃபோர்மேன். கிரேன் சரக்கு தூக்கும்போது மாட்டுகிற கம்பிவடம், சங்கிலி, கொக்கி எல்லாம் அவன் பொறுப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு, தூக்க வேண்டியதைவிடக் கூடுதல் பாரம் ஏற்றிப் பார்த்து, தாங்கினால் அந்த அரையாண்டுக்கான நிறத்தில் பெயின்ட் அடிப்பார்கள். நிறம் இல்லாத சாமானை யாரும் தொடுவதில்லை. காபி கொண்டுவந்த என் மனைவி அவனிடம் கம்பைப் பற்றியும் சொல்லிவிட்டாள். அவளுக்குத் தாங்குமா என்ற சந்தேகம் போகவில்லை.

"எடு மாமா, பாப்போம்." கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "இன்னா மாமா இது, கொட போடுற பையிலேர்ந்து கம்பு வருது. டெஸ்ட் பண்ணியா?"

"மாடியில நடந்து பார்த்தேன்."

"அது டெஸ்ட்டா? நீ இன்னா எடை?"

"எண்பத்திரண்டு."

"அப்ப நூறு கிலோ போட்டுப் பாக்கணும். அஞ்சு கேனு தண்ணி."

எங்கள் வாசலில் தகர ஷெட்டுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் குழாய் போகிறது. நான் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வருவதற்குள் அவன் கம்பின் பிடியை அந்தக் குழாயில் கட்டிவிட்டான். முடிச்சு அவ்வளவு அழகாக இருந்தது, தடுக்க மனம் வரவில்லை. கீழ் முனையில் முதல் தண்ணீர் கேனைக் கட்டிக் கையை எடுத்தான்.

கம்பு நீண்டது. ஒவ்வொரு மூட்டாகப் பிரிந்து, நடுவே எலாஸ்டிக் வெள்ளையாகத் தெரிய, அலுமினியம் ஆட்டுக்குடல் மாதிரி தொங்கியது. பிறகு டப்பென்று ஒரு சத்தம். கேன் விழுந்து பிளந்து, தண்ணீர் எதிர் வாசலில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவின் காலடிவரை ஓடியது.

"ஃபெயில்" என்றான் மச்சினன், வருத்தத்தோடு.

"டேய், கம்புல யாராவது தொங்குவாங்களாடா? ஊன்றத்தானே கம்பு?"

அவன் யோசித்தான். முப்பது வருடமாக அவன் கண்ணில் பட்ட இரும்பெல்லாம் மேலிருந்து தொங்குகிற இரும்புதான். கீழிருந்து தாங்குகிற இரும்பும் உலகத்தில் உண்டு என்பது அவன் முகத்தில் மெல்ல ஏறுவதைப் பார்த்தேன். அதற்குள் மீன்காரம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார்.

"இன்னாப்பா இது, மழ வந்தா சடையங்குப்பத்துல எங்க அக்கா வூட்டு வாசல்லதான் இப்டி தண்ணி வரும். இன்னா அறுந்துச்சி?"

"மாமாவோட கம்பு. முட்டி வலி அவருக்கு."

"சாருக்கு முட்டியா?" அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். குரலில் நிஜமான நிம்மதி இருந்தது. "ஐயே, அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா. ஒரு வருசமா நீ வேல வுட்டு வரசொல்லோ சாஞ்சி சாஞ்சி வர்றத பாத்து, சாரு தண்ணி போட்டுகினு வராருன்னு தெருவே பேசிகினு கீது. அக்காவப் பாத்தா பாவமா இருக்கும்."

அப்போது எனக்குப் பல விஷயங்கள் புரிந்தன. மூலைக் கடைக்காரர் ஏன் சில சாயங்காலங்களில் கேட்காமலேயே எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார் என்பது. முட்டி வலியைத் தெருவுக்குக் காட்டக் கூடாது என்று நான் ஒளிந்த ஒரு வருடத்தில், தெரு என்னைக் குடிகாரனாக்கி, மன்னித்து, மனைவிக்காக ஜெபமும் செய்து முடித்திருந்தது.

புத்தியுள்ளவன் அங்கேயே சிரித்திருப்பான். நான் உள்ளே போய், பேன்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட, மனைவியிடம் சொன்னேன்: "இந்த வாரம் ஆபீஸ்ல ஒரு கப்பல் வருது. போக முடியும்னு தோணல."

அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தாள். இரண்டு ஸ்வெட்டரையும் எடுத்து, மடிப்புக் கலையாமல் அலமாரியின் மேல் தட்டில் வைத்தாள். அதன் பிறகுதான் கேட்டாள்.

"இருபத்தெட்டு வருஷமா அதே கப்பல்தான் வந்துகிட்டு இருக்கா?"

படித்த இருபது கட்டுரையில் ஒன்றாவது அந்தக் கேள்விக்கு உதவும் என்று நின்றேன். வெளியே மச்சினன் தரையிலிருந்து துண்டுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொண்டிருந்தது கேட்டது. அவன் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான்.

மறுநாள் சாயங்காலம் திரும்ப வந்தான். கையில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம்.

"ஒடஞ்சத அந்தக் கடைலயே குடுத்து புது எலாஸ்டிக் போட வெச்சேன் மாமா. பாத்த உடனே, இத்த அவங்க அப்பாவுக்குன்னு ஒருத்தர் வாங்கினு போனாரேன்றாரு. உங்க நைனாவுக்கு கல்லறைல சிலுவ நட்டது நான்தான். எனக்கே தூக்கி வாரிப் போட்டுச்சி."

"சரி, விடு."

"தொங்க வுடக் கூடாது, மேலேர்ந்து அழுத்திப் பாக்கணும்னு அவர்தான் சொன்னாரு. இன்னிக்கு ஹார்பர் யார்டுல பாத்துட்டேன். நானும் இன்னொருத்தனும் ஒண்ணா சேந்து அழுத்தினோம். வளையல. எல்லாரும் சுத்தி நின்னு பாத்தாங்க."

"எல்லாருமா?"

"ஷிப்டு முடியற நேரம் மாமா."

பொட்டலத்தைப் பிரித்தான். அதே கறுப்புக் கம்பு. நான்கு துண்டிலும் தலா ஒன்றாக, இரண்டு விரல் அகலத்துக்குப் பளீரென்ற மஞ்சள் வளையம். பிடிக்குக் கீழே வெள்ளைப் பெயின்டில், கிரேன் கையில் எழுதுகிற அதே எழுத்தில், "தாங்கும் எடை 100 கிலோ."

"எண்பத்திரண்டுன்னுதானே சொன்னேன்."

"அங்க போயி குளுருதுன்னு பஜ்ஜியா துன்னுவ. அதையும் சேத்துதான்."

இல்லாதது போலவே இருக்கக்கூடிய கம்பைத் தேடியவன் நான். இப்போது என் கையில் இருந்தது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை வெட்டி எடுத்த துண்டு. இதைக் குடை உறைக்குள் போடலாம்தான். ஆனால் யாரிடமிருந்து மறைப்பது? தெருவுக்குத் தெரியும், யார்டுக்குத் தெரியும், இறந்துபோன என் அப்பா பேரில் சொன்ன பொய்கூட மச்சினன்வரை தெரியும். மறைக்க ஆளே மிச்சமில்லாத நிலை இவ்வளவு லேசாக இருக்கும் என்று எந்தக் கட்டுரையிலும் படிக்கவில்லை.

அலமாரியின் மேல் தட்டு எனக்கு எட்டும், ஆனால் எக்கி நிற்க முட்டி தாங்க வேண்டும். வலது கையில் கம்பை ஊன்றி, இடது கையால் இரண்டு ஸ்வெட்டரையும் இறக்கினேன். பெட்டியில் நான் வைத்த விதம் சரியில்லை என்று மனைவி திரும்ப எடுத்து மடித்து வைத்தாள். கப்பலைப் பற்றி அவள் கேட்கவில்லை.

கிளம்புகிற அன்று சாயங்காலம் ஆட்டோ தெருமுனையில்தான் நின்றது. நடுவே பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அவ்வளவு தூரமும் கம்பை ஊன்றி நடந்தேன். யாரும் பார்க்கவில்லை, அதுவே ஏமாற்றமாகக்கூட இருந்தது. துறைமுக ஷிப்டு முடிந்து வந்த ஒருவர் மட்டும் பைக்கை மெதுவாக்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. வளையத்தைப் பார்த்தார்.

"மஞ்சளு. கரெக்டு, போ சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மீன்காரம்மா கூடையிலிருந்து தலையைத் தூக்கினார். "அக்கா, இன்னிக்கி சாரு நேரா நடக்கறாரு" என்றார் என் மனைவியிடம், பாராட்டாக.

கொடைக்கானலில் அவ்வளவாகக் குளிரவில்லை. மனைவி நான்கு நாளும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. ஏரியைச் சுற்றி முக்கால்வாசி நடந்தேன், மிச்சத்துக்குப் பஜ்ஜிக் கடை குறுக்கே வந்தது. ஒரு பாறைப் படியில் இறங்கும்போது, எங்கள் வயதுள்ள ஒரு மதுரைக்காரர் கம்பைப் பார்த்து, "இது என்ன சார் மஞ்சள் கலர், எந்த கம்பெனி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள்: "என் தம்பி டெஸ்ட் பண்ணிக் குடுத்தது. ஆறு மாசம் செல்லும்."

இப்போது கம்பு வாசல் கதவுக்குப் பக்கத்தில், மடக்காமல், செருப்புகளோடு நிற்கிறது. அடுத்த அரையாண்டுக்குப் பச்சை என்று மச்சினன் சொல்லியிருக்கிறான். மனைவி நாள்காட்டியில் மஞ்சள் முடிகிற தேதியை வட்டமிட்டு, அதற்குள் ஏற்காடு போய் வந்துவிடலாம் என்கிறாள். ஆபீசில் நிஜமாகவே ஒரு கப்பல் வருகிறது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாததால், லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.