பஸ் வராத நாட்களில் நான் டீச்சர்

ஹட்டன் பஸ் நிலையத்தில் டீசல் புகை வந்தால் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சிரிக்காதீர்கள், அந்தப் புகைக்கும் எனக்கும் பழைய பகை.

டீசலுக்காக நாடே வரிசையில் நின்ற காலம் உங்களுக்கு நினைவிருக்கும். அக்கரப்பத்தனைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு பஸ் வருவது நின்றது. அதோடு டவுனிலிருந்து வரும் கணக்கு சாரும் நின்றுபோனார். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளின் ஓ.எல். பொதுப் பரீட்சை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அப்போது தோட்டத்தின் மேல் டிவிசன் பிள்ளைக்காம்பராவில் டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் பகலில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. மாலையில் அந்தப் பால்மா வாசனைக்குள் பாயை விரித்தால் அதுவே என் பள்ளிக்கூடம். பிள்ளைகள் "அக்கா, அக்கா" என்று மொய்ப்பார்கள்.

தோட்டப் பள்ளிக்கூடத்து அதிபர் ஆள் அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், லேசில் சிரிக்கமாட்டார். "சார் வருமட்டும் பதிலுக்கு நில்லுங்கோ. இண்டைக்கு வகுப்பைப் பாத்திட்டுத்தான் நாளையைப் பற்றிச் சொல்லுவன்" என்றார். மதினியின் சேலையை இரவல் வாங்கி, ஊசி குத்தாத இடமில்லாமல் குத்திக்கொண்டு போயிருந்தேன். சின்ன வயதிலிருந்து டீச்சராக ஆசைப்பட்டவள் நான். நாளைக்கும் வரச்சொல்ல வேண்டுமே, ஆண்டவனே!

வகுப்பில் பாதிப் பேர் என் டியூஷன் பிள்ளைகள். மீதிப் பேர் கீழ் டிவிசன். இருட்டினால் பாதையில் சிறுத்தை நிற்கும் என்று மாலையில் பெற்றோர் அவர்களை மேலே டியூஷனுக்கு அனுப்பமாட்டார்கள். நான் பலகையில் எழுதி முடிக்குமுன் என் பிள்ளைகள் விடையைக் கத்தினார்கள். அடுத்ததையும் கத்தினார்கள். அதிபர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ தலைகால் புரியவில்லை. பாயில் உட்கார்ந்து நடத்துவதுபோலவே பாடத்தை ஓட்டமாக ஓட்டினேன்.

கடைசி வரிசை வாங்கிலிருந்து பவானி எழுந்தாள். கீழ் டிவிசன் பிள்ளை. கணக்கில் பாஸாகாவிட்டால் அவளைக் கொழும்பில் வீட்டு வேலைக்குச் சேர்த்துவிடுவதாக ஒரு புரோக்கர் வந்து பேசிவிட்டுப் போனது தோட்டம் முழுக்கத் தெரியும்.

"டீச்சர், அவங்களுக்கு டியூஷன்லயே முடிஞ்சிருச்சுங்க. எங்களுக்கு இன்னும் யாருமே சொல்லித் தரலிங்க."

வகுப்பு முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. ஆனாலும் அவள் உட்காரவில்லை.

எனக்குக் காது சுட்டது. அதிபர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாளே என்று கோபம்தான் முதலில் வந்தது. வாசல் பக்கம் திரும்பவே பயமாயிருந்தது. ஆனால் அவள் சொன்னதில் என்ன பொய்? பலகையைச் சுத்தமாகத் துடைத்தேன். "டியூஷன் புள்ளைங்க யாரும் இன்னைக்கு வாயத் தொறக்கக் கூடாது" என்று முதலிலிருந்து தொடங்கினேன். மணியடிக்கும்போது ஒரேயொரு கணக்குதான் முடிந்திருந்தது. அதிபர் எப்போது போனார் என்றே தெரியவில்லை. நாள் முழுக்க வாசலைப் பார்த்தபடியே இருந்தேன். பள்ளி விடும்போது அதிபர், பலகையில் எழுதும் வெண்கட்டிப் பெட்டியை என் கையில் வைத்து, "நாளைக்கு நேரத்தோட வாங்கோ" என்று மட்டும் சொன்னார்.

மாலையில் பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரு தாய் காத்திருந்தார். "எங்க புள்ளய வாயப் பொத்தச் சொன்னீங்களாமே? அப்புறம் என்னத்துக்குங்க இங்க அனுப்பணும்?"

நான் உள்ளே போய்ப் பாயை விரித்தேன். விடிந்ததும் வகுப்பில், டியூஷன் பிள்ளைகள் வாய் திறக்கக் கூடாது என்றுதான் மறுபடி சொன்னேன். மாலை டியூஷன் பாயில் ஒவ்வொரு இடமாகக் காலியானது.

ஒரு நாள் காலையில் கரும்புகை தள்ளிக்கொண்டு பஸ் மேலே ஏறி வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கணக்கு சார் இறங்கினார். நான் வெண்கட்டிப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். பரீட்சை முடிவு வந்த அன்று பவானி மேட்டில் ஓடி வந்து, "டீச்சர், பாஸுங்க!" என்று மூச்சிரைக்கச் சொன்னாள். புரோக்கர் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை.

இப்போது பிள்ளைக்காம்பராவில் யாரும் பாய் விரிப்பதில்லை. பிள்ளைகள் பஸ் ஏறி டவுன் டியூஷனுக்குப் போகிறார்கள். அக்கா என்று கூப்பிட ஆளில்லை, டீச்சர் என்று கூப்பிடவும் ஆளில்லை. பஸ் வந்தால் எல்லோரும் சந்தோஷமாக ஓடுகிறார்கள். எனக்கு மட்டும் இன்றைக்கும், ஐயோ, வந்துவிட்டதே என்றிருக்கிறது.