அண்ணையின் மூன்று வில்லுக்கத்திகளும் நாங்கள் வீணாக்கிய ஒன்றரை வருடமும்

எங்கள் அண்ணை யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் பிறந்தார். லண்டன் அப்டன் பார்க்கில் மரக்கறிக்கடை நடத்தினார். சென்ற ஆண்டு செவன் கிங்ஸில், தமது வீட்டில், கண்மூடினார். இடையில் அவர் செய்த நன்மைகளை இந்த நினைவு மலரின் மற்றப் பக்கங்களில் உறவினர்கள் எழுதியிருக்கிறார்கள். புதிதாக வந்திறங்கியவர்களுக்குப் படுக்க இடம் கொடுத்தார், கோயில் திருவிழாவுக்குப் பெட்டி பெட்டியாக மரக்கறி அனுப்பினார், எல்லாம் உண்மை. நான் அவருடைய ஒரே தங்கச்சி. கடையில் பல வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்றவள். நான் எழுதப்போவது அவருடைய கத்திகளைப் பற்றி. எழுதும்போது கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். கத்தியின் உருக்கைக் குறை சொல்லிச் சொல்லியே அண்ணையின் இரண்டு கைகளின் பலத்தையும் பறிகொடுத்த குடும்பம் நாங்கள்.

ஊரில் அண்ணை இயந்திரம் திருத்துபவராக இருந்தார். எண்பதுகளின் நடுவில் லண்டனுக்கு வந்து, பெட்ரோல் நிலையத்தில் நின்று, பிறகு கடை எடுத்தார். வெண்டிக்காய், முருங்கைக்காய், கருவாடு எல்லாம் கடதாசிப் பெட்டியில்தான் வரும். மற்றக் கடைக்காரர்கள் தேய்ந்ததும் எறிகிற பிளேட்டால் அதை வெட்டுவார்கள். அண்ணைக்கு அது பிடிக்காது. "கூர் போனா எறியிறதுக்கு அது என்ன கறிவேப்பிலைக் காம்பே?" என்பார். அவருக்கு மடக்கிச் சட்டைப்பையில் வைக்கிற வில்லுக்கத்திதான் வேண்டும். அதுவும் ஒன்று போதாது.

முதலாவது மரப்பிடி போட்ட கார்பன் உருக்கு. தீட்டுக்கல்லில் பத்துத்தரம் இழுத்தால் மயிரை வழிக்கும். ஆனால் ஈரம் ஆகாது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், ஒருநாள் அதால் தேசிக்காய் வெட்டிவிட்டுக் கழுவுதொட்டியில் போட்டுவிட்டார். அலகு கறுத்து, ஓரத்தில் துரு ஏறிவிட்டது. ஒரு வாரம் வீட்டில் அதே பேச்சு. இரண்டாவது சிவப்புப் பிடி போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். துருவே பிடிக்காது, ஆனால் உருக்கு மெது. தீட்டினால் ஓரத்தில் பிசிர் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதை எடுத்துமுடிக்க மதியமாகிவிடும், மாலைக்குள் மழுங்கிவிடும். மூன்றாவதுதான் அவருடைய செல்லப்பிள்ளை. கடினமான டூல் ஸ்டீல், தபாலில் வரவழைத்தது. கூர் வாரக்கணக்கில் நிற்கும். போய்விட்டால், திரும்பக் கொண்டுவர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகச் செலவாகும்.

எது நல்லது என்று தீர்மானித்து ஒன்றோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. அண்ணை தீர்மானிக்கவில்லை. களஞ்சிய அறைக் கதவின் பின்பக்கத்தில் மூன்று கோடு கீறி, ஒருமுறை தீட்டினால் எந்தக் கத்தி எத்தனை பெட்டி வெட்டுகிறது என்று எழுதிவந்தார். பத்திரிகைத் தாளைக் கிழிக்காமல் வெட்டாவிட்டால் அந்தக் கத்தி மொட்டை. அதுதான் சட்டம். வரிசையில் ஆட்கள் நிற்பார்கள், இவர் தாளை உயர்த்திப் பிடித்து வெட்டிக்கொண்டு நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதற்கு ஒத்துப்பாட ஒருவர் கிடைத்தார். மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கி, உலோகங்களைச் சோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர். நாங்கள் அவரை ஐயா என்போம். சனிக்கிழமை தோறும் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து, கால் கிலோ பாகற்காய் வாங்கிவிட்டு இரண்டு மணித்தியாலம் பேசுவார்.

"கெட்டியான ஸ்டீலு கூர் நிக்கும், தம்பி. ஆனா தீட்டுறதுக்குள்ள உயிரு போயிரும். மெதுவானது சுருக்கா தீட்டிரலாம், நிக்காது. ரெண்டும் ஒண்ணா கெடைக்காது" என்பார்.

"கிடைக்கும் ஐயா. நாங்கள்தான் தேடேல்லை" என்பார் அண்ணை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கதவிலிருந்த எண்கள் இறங்கத் தொடங்கின. டூல் ஸ்டீல் நூறு பெட்டிக்கு மேல் வெட்டியது, எழுபதாகி நாற்பதானது. மற்ற இரண்டும் அதேபோல் இறங்கின. மூன்று விதமான உருக்கு ஒரே காலத்தில் ஏன் கெட்டுப்போக வேண்டும்? பத்து வயதுப் பிள்ளைகூடக் கேட்டிருக்கும். நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணை முதலில் தீட்டுக்கல்லைப் பழித்தார், புதுக்கல் வாங்கினார். பிறகு பெட்டியைப் பழித்தார். "இப்ப அட்டைக்குள்ள மண்ணைக் கலக்கிறாங்கள், பிள்ளை" என்றார். கடைசியில் டூல் ஸ்டீல் கத்தி செய்த கம்பனியைப் பழித்தார். ஆங்கிலக் கடிதம் எழுதுவது என் தலையில் விழுந்தது. உங்கள் உருக்கு முன்போல் இல்லை, நம்பிக்கை கெட்டுவிட்டது என்றெல்லாம் எழுதினேன். ஒன்றல்ல, மூன்று கடிதம்.

"தீட்டத் தெரியாட்டி விடுங்கோவன்!" என்று ஒருநாள் ஆட்கள் முன்னால் கத்திவிட்டேன். இரண்டு வாரம் அண்ணை என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. இப்படிச் சண்டையும் பழியுமாக ஒன்றரை வருடம் போனது.

மூன்றாம் கடிதத்துக்குப் பதிலாகக் கம்பனி புத்தம்புதுக் கத்தி ஒன்றை அனுப்பியது. அது வந்தது சனிக்கிழமை, ஐயாவும் நின்றார். அண்ணை உறையைப் பிரித்தார், நகத்தால் அலகைத் திறக்க நாலைந்து தரம் முயன்றார், முருங்கைக்காய்ப் பெட்டியில் வைத்து இழுத்தார். அட்டை நசிந்தது, வெட்டுப்படவில்லை.

"பாத்தீங்களே ஐயா, இதுவும் மொட்டை!"

ஐயா அந்தக் கத்தியை வாங்கி அதே இடத்தில் இழுத்தார். பெட்டி சத்தமே இல்லாமல் இரண்டானது. உள்ளேயிருந்த முருங்கைக்காயும் ஒன்று துண்டாகிவிட்டது. நான் சிரித்தேன். ஐயா சிரிக்கவில்லை.

"தம்பி, கைய நீட்டுங்க. என் ரெண்டு விரலையும் இறுக்கிப் பிடிங்க. இன்னும் நல்லா."

"இறுக்கித்தானே பிடிக்கிறன்" என்றார் அண்ணை.

ஐயாவின் முகம் மாறியது. "கத்தியில ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமையே டாக்டர பாருங்க" என்றார். மச்சாளையும் கூப்பிட்டு அதையே சொன்னார்.

கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை நெரித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துக் காட்டினார்கள், கழுத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் கைகளைக் காப்பாற்றியிருக்கலாம், இனி மோசமாகாமல் பார்க்கலாம், போன பலம் திரும்பாது என்றார் வைத்தியர். அதை அண்ணைக்குத் தமிழில் சொன்னவளும் நான்தான். அவருக்கு ஆங்கிலம் விளங்கும். ஆனாலும் நான் சொல்லிமுடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து ஒரு மாதத்தில், என்னைக் களஞ்சிய அறைக்குக் கூட்டிப்போனார். மூன்று கத்தியையும் நான் தீட்ட வேண்டும், நான் வெட்ட வேண்டும். "கோணத்தை மாத்தாதை பிள்ளை. ஆறுதலா இழு" என்று கதிரையில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பல வாரம் வெட்டினேன். எண்கள் எல்லாம் பழைய இடத்துக்கே ஏறிவிட்டன.

"பாத்தியே! ஸ்டீலில ஒரு பிழையும் இல்லை" என்று அண்ணை மகிழ்ந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தியை மேசையில் எறிந்தேன். தேநீர்க் கோப்பையைத் தூக்க முடியாத மனிதர், உருக்கு நல்லதென்று சந்தோஷப்படுகிறார்! அதோடு விட்டாரா? அந்தக் கம்பனிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்.

"உங்களுக்கென்ன விசரே அண்ணை?"

"அவங்கள் ஒழுங்காச் செய்த சாமானை நாங்கள் பழிச்சுப்போட்டம். எழுது பிள்ளை. பிழை என்ர கையில எண்டு எழுது."

எழுதினேன். கையொப்பம் அவர் வைக்க ஏலாது, அவருக்காக நானே வைத்தேன். அதன்பிறகு நாலு வருடம் அண்ணை கடையில் கதிரையில் இருந்தார், வந்தவர்களோடு பேசினார், சென்ற ஆண்டு மாரடைப்பில் போய்விட்டார்.

இந்த ஆட்டைத் திவசத்தில், அண்ணையின் முதலாம் ஆண்டு நினைவு நாளில், நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கடையைத் திறந்து மூடிய அயற்கடைக்காரர்களுக்கும், ஆஸ்பத்திரித் தாதியருக்கும், அண்ணைக்குச் சோறு ஊட்டி, முகம் வழித்து, ஒருநாளும் சலிக்காத மச்சாளுக்கும், இன்றும் சனிக்கிழமைகளில் வந்து போகும் ஐயாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்தப் பட்டியலில் எனக்கு இடமில்லை. ஏன் என்பது மச்சாளுக்கும் தெரியாது, இதை வாசித்துத்தான் அறிவார்.

ஐயா அந்தப் பெட்டியை வெட்டுவதற்கு ஒரு வருடம் முன்னால், ஒரு கலியாணவீட்டு வாசலில் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இந்தத் தெறியை ஒருக்காப் பூட்டிவிடு பிள்ளை, ஏலாமக் கிடக்கு" என்று பொத்தான் பூட்டாத சட்டைக் கையை நீட்டினார். விரல்கள் நடுங்கியதைக் கண்டேன். பெருவிரலடித் தசை வற்றியிருந்ததையும் கண்டேன். "சின்னப்பிள்ளையே நீங்கள்?" என்று எரிந்து விழுந்துகொண்டே பூட்டிவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை, அவர் சொல்லச் சொல்ல, கம்பனிக்கு முதற்கடிதம் எழுதினேன்.