பூண்டுச் சாக்கு

போடியில் நான் தொழில் தொடங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு கோணி ஊசி, கொஞ்சம் சணல், பன்னிரண்டு கிழிந்த சாக்கு. பழைய சாக்கை வாங்கித் துவைத்து, ஓட்டையைத் தைத்து விற்பேன். எழுபதுகளின் கடைசியில் ஒரு பெண்பிள்ளை சாக்குச் சுமந்து தெருவில் போனால் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்களில் ஒருவர்கூட எனக்கு அரிசி வாங்கித் தரவில்லை.

ஏலக்காய், பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் ஊரில் சாக்கு வாங்குகிறவர்கள் தையலைப் பார்க்குமுன் உள்ளே முகத்தை விட்டு மோந்து பார்ப்பார்கள்.

பறிப்புக் காலத்தில் ஓர் ஏலக்காய் வியாபாரி ஐம்பது சாக்கு கேட்டார். எனக்கு அதுதான் முதல் பெரிய சோலி. கையில் இருபதுதான் இருந்தது. தேவாரம் ஊரில் முப்பத்தொன்று மலிவாகக் கிடைத்தது. பூண்டு போட்டு வைத்த சாக்கு. தெரிந்தேதான் வாங்கினேன். மூன்று தண்ணீரில் அலசி, நாலு நாள் வெயிலில் போட்டேன். வாடை போய்விட்டது. அவரும் மோந்து பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் சாரல். அதே ரகத்தில் ரொம்பக் கிழிந்திருந்ததால் தைக்காமல் வாசலில் போட்டிருந்த ஒரு சாக்கு ஈரம் பட்டதும் பூண்டு நாற்றம் நாறியது. மலையில் எந்நேரமும் ஈரம்தான். அவருடைய ஜீப்பு மலையேறிப் போடிமெட்டுக்குக் கிளம்பும் நேரம். ஓடினேன்.

ஜீப்பில் சாக்குகளை ஏற்றியாகிவிட்டது; அவற்றின் மேலே எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, முப்பது சாக்கை எறக்குங்க. நனைஞ்சா பூண்டு வாடை வருது."

"நேத்து மோந்தேனே, ஒண்ணுமில்லையே."

"நேத்து காஞ்சிருந்துச்சு. தப்பு என் மேலதான்."

மேலே இருந்த ஒருத்தி சொன்னாள், "எதுக்குண்ணே எறக்கிக்கிட்டு? காய ரசப்பொடின்னு வித்துறலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "காய் காஞ்சு கெடக்கு அங்க. இந்நேரத்துல சாக்குக்கு நான் எங்க போவேன்?"

"வேற ஆளுக்குன்னு தைச்சு வச்ச பதினாலு நல்லது வீட்ல இருக்கு. வெரசாக் கொண்டாறேன்."

நானே முப்பதையும் இறக்கினேன். வீட்டுக்குப் போய்ப் பதினாலையும் தலையில் தூக்கி வந்தேன். எனக்கு என் மேலேயே ஆத்திரம்.

"ஏன் ஆத்தா இந்தப் பாடு?" என்றார் அவர். "பேசாம என் குடோன்ல கூலிக்கு இரு. சாக்க நான் வாங்கிப் போடுறேன், நீ தைச்சுக் குடு."

"கூலிக்கு இருந்தா இன்னைக்கு ஓடி வந்திருக்க மாட்டேண்ணே. உங்க சாக்கு, உங்க பாடுன்னு வீட்ல கெடந்திருப்பேன்."

அவர் பதினாலு சாக்கையும் ஒவ்வொன்றாக எடுத்து முகத்தை விட்டு மோந்தார். கையைத் தண்ணீரில் நனைத்துத் தடவி மறுபடியும் மோந்தார். பிறகு ஜீப்பில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மீதிப் பதினாறு நாளைக்குக் காலையில வேணும். நீயே கொண்டா."